நான்கு சம்புடமும் ஒரு மடிக்கணினியும்

கோத்தகிரி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் தொண்ணூற்றாறு படிகள் இறங்கினால் வருகிற பன்னிரண்டு வீட்டு வரிசையில், ஏழாம் வீட்டு நடேசனின் மகள் பூங்கோதை மடிக்கணினி வாங்கி வந்த அன்று, வரிசை முழுக்க அவர்கள் முன்னறையில் கூடி, அதை ஆளுக்கு ஒரு தடவை கையில் தூக்கிப் பார்த்து, தூக்கிய ஒவ்வொருவரும் கொஞ்சம் ஏமாந்துபோனார்கள். கனமாக இருக்கும் என்று நினைத்துத் தூக்கிய கை, மாடத்து விளக்கு வரைக்கும் தானாகப் போய்த் திரும்பியது. அத்தனை மெல்லிசு, அத்தனை லேசு. உள்ளே இருக்க வேண்டிய சாமானெல்லாம் பின்னால் தனியாக வருமா என்று முதல் வீட்டு ருக்மணி அக்கா கேட்டாள். அவள் பேருந்து நிலையத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவள், எதையும் எடை பார்க்காமல் நம்பமாட்டாள். அவள் கடைத் தராசிலேயே வைத்துப் பார்த்ததில் தொள்ளாயிரத்து எண்பது கிராம் காட்டியது. பக்கத்தில் ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலத்தை வைத்தார்கள். சர்க்கரை ஜெயித்தது.

பூங்கோதை வேண்டுமென்றேதான் லேசாக வாங்கியிருந்தாள். மழை பிடித்தால் வரிசையில் நாள் கணக்கில் கரண்ட் இருக்காது, சிக்னலும் இருக்காது, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தொண்ணூற்றாறு படி ஏறி மேலே பேக்கரி மூலையில் உட்கார்ந்துதான் வேலை பார்க்க வேண்டும். ஆனால் லேசான சாமானுக்கும் அதற்கென்று ஒரு தொல்லை உண்டு. பையில் அது இருக்கிறதா இல்லையா என்று தோளுக்குத் தெரியாது. முப்பதாவது படியில் ஒரு தடவை, குழாயடியில் ஒரு தடவை, மேலே போனதும் ஒரு தடவை என்று நின்று நின்று ஜிப்பைத் திறந்து பார்ப்பாள். ஒருநாள் அவள் அப்பா அதைத் தட்டு என்று நினைத்து, அதன்மேல் டீ டம்ளரை வைத்துக் கொண்டுவந்து அவளிடமே நீட்டினார். இன்னொரு நாள் அது செய்தித்தாள்களுக்கு நடுவில் போய்ப் படுத்துக்கொள்ள, பழைய பேப்பர்காரர் கட்டோடு கட்டாக அறுபதாவது படிவரைக்கும் கொண்டுபோய்விட்டார். வெயிலில் கட்டின் நடுவே எதுவோ மினுங்கியதால் திரும்பி வந்து கொடுத்தார், நல்ல மனிதர்.

அவளுக்கு வேலை சென்னையிலுள்ள ஒரு திருமணத் தகவல் நிலையத்தில். சொந்த மடிக்கணினி இருந்தால் வீட்டிலிருந்தே பார்க்கலாம். பெண் வீட்டார், மாப்பிள்ளை வீட்டார் இருவரும் பார்த்துப் பேசி முடித்த பிறகு, வேண்டாம் என்கிறவர்களிடம் போனில் காரணம் கேட்டு, அதை நிலையத்தின் உள்குறிப்பில் உள்ளபடியே ஏற்ற வேண்டும். அது காலை வேலை. மத்தியானம், மறுதரப்பு வீட்டாருக்குக் கடிதம் அனுப்ப வேண்டும். உள்குறிப்பில் மூக்கு இருக்கும், நிறம் இருக்கும், பெண்ணின் சம்பளம் மாப்பிள்ளை சம்பளத்தைவிடக் கூடுதல் என்பது இருக்கும், காபி ஆறிப்போயிருந்தது என்பதுகூட இருக்கும். கடிதத்தில் ஒரே வரிதான் இருக்கும். ஜாதகம் பொருந்தவில்லை.

அந்த ஒரு வரி பூங்கோதைக்குப் பழகிய வரி. அவளுக்கு முப்பத்தாறு வயது. அம்மா இறந்த மறுவருஷம், அவளுக்கு இருபத்து நான்கு நடக்கும்போது, முதல் வரன் வந்தது. அதிலிருந்து பதினோரு வரன்கள். பதினோரு தடவையும் அப்பா பேசப் போய், படியிறங்கி வந்து, செருப்பைக் கழற்றாமல் வாசலில் நின்று, ஜாதகம் பொருந்தலையாம் என்று சொன்னார். குறையை நிவர்த்தி செய்ய நாற்பத்தெட்டு செவ்வாய்க்கிழமை, ராகு காலத்தில், கை விறைக்கும் பனிமூட்டத்தில் துர்க்கைக்கு எலுமிச்சை விளக்கு ஏற்றினாள். வேலையில் சேர்ந்த முதல் வாரத்தில்தான், அந்த வரிக்குப் பின்னால் எப்போதும் வேறொரு வரி இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. அன்றிலிருந்து மனசுக்குள் ஒரு கேள்வி உட்கார்ந்துகொண்டது. அப்படியானால் அந்தப் பதினோரு வீட்டுக்கும் என்னிடத்தில் என்னதான் பிடிக்காமல் போனது? பல்லா, குரலா, நடையா? கண்ணாடி முன்னால் நிற்கும்போதெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பாள். அப்பாவிடம் கேட்க வாய் வராது.

அந்த வருஷம் மார்கழி கொஞ்சம் மூர்க்கமாகவே வந்தது. கோத்தகிரிக் குளிரில் பால் உறையாது. கம்பளியில் சுற்றினாலும், அடுப்படியில் வைத்தாலும், காலையில் பார்த்தால் உறை மோர் அடியில் தனியாகவும் பால் மேலே தனியாகவும் முறைத்துக்கொண்டு இருக்கும். நடேசன் தேயிலைத் தொழிற்சாலையில் முப்பத்திரண்டு வருஷம் டிரையர் மேஸ்திரியாக இருந்தவர், சூட்டை உள்ளங்கையில் அளப்பவர். மகள் வேலை பார்க்கும்போது மடிக்கணினியின் அடியில் கையை வைத்துப் பார்த்து, இலை வாட இது பத்தாது, பால் உறையப் பத்தும் என்றார். நான்கு சம்புடங்களில் பால் ஊற்றி, உறை மோர் விட்டு, மூடி, மேஜையில் மடிக்கணினியின் நான்கு மூலைக்கு ஒன்றாக வைத்து, மேலே அதைப் பலகைபோல வைத்துக் கொடுத்தார். வேறு கனமான மடிக்கணினியாக இருந்தால் மூடி நசுங்கியிருக்கும். இது பூனைக்குட்டி படுத்ததுபோலப் படுத்துக்கொண்டது. பூங்கோதை அதில் காலை வேலையைத் தட்டினாள். பன்னிரண்டு மணிக்குச் சம்புடத்தைத் திறந்தால், தயிர் கத்தியால் வெட்டலாம் போல இருந்தது.

மத்தியானம் மறுபடி நான்கு சம்புடம் வைத்தார்கள். சாயங்காலம் திறந்தால் பால் பாலாகவே இருந்தது. கெடவும் இல்லை, புளிக்கவும் இல்லை, வைத்த சூட்டோடு அப்படியே இருந்தது. மறுநாளும் அதேதான், அதற்கடுத்த நாளும் அதேதான். உள்ளதைத் தட்டினால் உறைந்தது, இல்லாததைத் தட்டினால் உறையவில்லை. இதைக் கண்டுபிடித்தது யார் என்பதில் வரிசையில் இன்றுவரை தகராறு உண்டு. ஆனால் ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. மழை ஏன் பெய்கிறது என்று கேட்டுக்கொண்டா துணியை உள்ளே எடுக்கிறோம், பெய்கிறது, எடுக்கிறோம். அப்படித்தான் வரிசையும் செய்தது. காலை ஒன்பது மணிக்குள் சம்புடத்தைக் கொண்டுவந்துவிட வேண்டும், மூடியில் வீட்டு எண் எழுத வேண்டும், ஒரு நாளைக்கு நான்கு வீடு, மத்தியானத்துக்கு மேல் யாரும் கேட்கக் கூடாது என்று முறை வைத்துக்கொண்டார்கள். ருக்மணி அக்கா தன் கடையில் 'தயிர் சாதம் ஒரு மணிக்கு மேல்' என்று பலகை மாட்டினாள்.

தை பிறந்ததும் மூன்றாம் வீட்டுக் குழந்தைக்குக் காது குத்து வைத்தார்கள். நூற்றைம்பது பேருக்குத் தயிர் வேண்டும், அன்றைக்குப் பார்த்து நிலையத்துக்கு விடுமுறை, உள்குறிப்பு எதுவும் இல்லை. வரிசை கூடி யோசித்து, வீட்டுக்கு ஒருவர் சம்புடத்தோடு ஒரு உண்மையும் கொண்டுவருவது, பூங்கோதை அதைத் தட்டுவது என்று முடிவானது. வாசலில் வரிசையாக நின்றார்கள். முக்காலியில் உட்கார்ந்து, காதோடு காதாகச் சொன்னார்கள். போண்டாவில் சோடா உப்பு போடுவதே இல்லை என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்கிற ருக்மணி அக்கா, போடுகிறேன் என்றாள். பேருந்து ஓட்டுகிற ஐந்தாம் வீட்டு செபாஸ்டியன், குழாயடிச் சுவரை இடித்தது லாரி இல்லை, தான்தான் என்றார். பத்தாம் வீட்டுக்காரர் எதையோ சொல்லிவிட்டு அழுதார், அவர் சம்புடம்தான் அன்றைக்கு முதலில் உறைந்தது. ஏழாம் வீட்டுக்கு மட்டும் சம்புடம் இல்லை. எனக்குத் தயிர் ஒத்துக்காது என்று நடேசன் வெளியே போய் பந்தல் கயிறு கட்டினார். நேற்றுவரை மூன்று வேளையும் தயிர் ஊற்றிச் சாப்பிட்டவர். அதை யாரும் கவனிக்கவில்லை, பூங்கோதையும் கவனிக்கவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் தாராபுரத்திலிருந்து பொன்னுச்சாமி போன் செய்தார். அவர் மகள் இந்துமதிக்கு ஒன்பது வரன் பார்த்தாகிவிட்டது, ஒன்பதுக்கும் பூங்கோதைதான் அந்த ஒரு வரிக் கடிதம் அனுப்பியிருந்தாள். ஒவ்வொரு கடிதத்துக்கும் போன் செய்து, தகவல் சொன்னதற்கு நன்றி சொல்லி, அரை மணி நேரம் பேசிவிட்டுத்தான் வைப்பார். அன்றைக்கும் வெல்லம் விலையில் தொடங்கி, கிணற்றுக்கு வந்து, மெல்ல விஷயத்துக்கு வந்தார்.

"அம்மிணி, ஜோசியர் சொல்லிப்போட்டாருங்க. வர்ற வெள்ளிக்கிழமை புள்ளைக்கு வாழை மரத்தோட தாலிகட்டு வெச்சு, மரத்தை வெட்டிப்போடறதுங்க. புள்ளையும் சரின்னு தலையாட்டிருச்சு. ஒண்ணே ஒண்ணு கேக்கறனுங்க, எந்தக் கட்டத்துல குறைன்னு மட்டும் சொன்னீங்கன்னா, அதுக்கும் சேத்துப் பண்ணிப்போடலாம்."

தலையாட்டிருச்சு என்ற சொல்லில் பூங்கோதைக்குப் பனிமூட்டத்துக் கோயில் வாசல் கண்ணில் வந்து நின்றது. போனை வைத்துவிட்டு ஒன்பது உள்குறிப்பையும் திறந்து படித்தாள். ஒன்பது வீட்டாரும் ஒருவரை ஒருவர் பார்த்தே இராதவர்கள், ஆனால் சொல்லி வைத்ததுபோல ஒன்றையே சொல்லியிருந்தார்கள். பெண்ணைப் பிடித்திருந்தது, ஆனால் பெண்ணின் அப்பா பெண்ணை வாய் திறக்க விடவில்லை. என்ன படித்திருக்கிறாய் என்று கேட்டாலும் அவர்தான் சொன்னார், என்ன பிடிக்கும் என்று கேட்டாலும் அவர்தான் சொன்னார், ஆளை நாங்கள் பார்க்கவே இல்லை.

மேஜையில் மத்தியானச் சம்புடங்கள் இல்லை, அந்த நேரத்துக்கு யாரும் வைப்பதில்லை. பூங்கோதை எழுந்துபோய்ப் பாலைக் காய்ச்சி, ஆற்றி, உறை விட்டு, நான்கு சம்புடத்தையும் தானே வைத்தாள். வேலை போகும் என்று அவளுக்குத் தெரியும். வாழை மரம் அவள் கண்ணில் நின்றது. மடிக்கணினியை மேலே வைத்துத் தட்டினாள்.

'ஐயா, உங்கள் மகள் ஜாதகத்தில் எந்தக் குறையும் இல்லை. ஒன்பது வீட்டாருக்கும் அவரைப் பிடித்திருந்தது. நீங்கள் அவரைப் பேச விடவில்லை என்பதுதான் ஒன்பது பேரும் சொன்ன காரணம். அடுத்த முறை வரும்போது நீங்கள் கொஞ்ச நேரம் தோட்டத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். வாழை மரம் பாவம், அதை விட்டுவிடுங்கள்.'

அனுப்பி முடித்துச் சம்புடத்தைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். தயிர் விழவில்லை. மறுநாள் போன் வந்தது. எடுத்தால் மறுமுனையில் சத்தமே இல்லை, மூச்சு மட்டும் வந்தது, முழுசாக ஒரு நிமிஷம் பொன்னுச்சாமி எதுவும் பேசவில்லை. "சரிங்க அம்மிணி," என்றார் கடைசியில், அவ்வளவுதான், வைத்துவிட்டார். மகளுக்கும் அன்றைக்கு வாய் திறக்க இடம் கிடைத்திருக்க வேண்டும். ஆனால் பழக்கம் ஒரே நாளில் போய்விடுமா, வெள்ளிக்கிழமை அவர் சென்னைத் தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டு, இப்படி ஒரு நல்ல பெண்ணை வேலைக்கு வைத்திருக்கிறீர்களே, உள்ளதை உள்ளபடி எழுதிவிட்டாளே என்று ஒரு மணி நேரம் புகழ்ந்து தள்ளினார். வாழை மரம் பிழைத்தது. பூங்கோதைக்கு வேலை போனது.

நிலையத்தார் தங்கள் சமாசாரங்களைத் தூரத்திலிருந்தே ஒவ்வொன்றாக அழித்தார்கள். திரையில் கட்டம் கட்டமாகக் காணாமல் போவதை அவள் கன்னத்தில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். சொந்த மடிக்கணினி என்பதால் அதை மட்டும் விட்டுவிட்டார்கள். இவ்வளவு போன பிறகு எடை குறைந்திருக்குமோ என்று ருக்மணி அக்கா தராசில் வைத்துப் பார்த்தாள், அதே தொள்ளாயிரத்து எண்பதுதான் இருந்தது. வரிசைக்குத் தன் தயிர்க் கவலை. ஆனால் வேலை போன பெண்ணைத் தனியாக விடக் கூடாது என்ற எண்ணமும் அதே அளவு இருந்தது. அதனால் காது குத்தில் செய்ததுபோல, வேறு வேலை கிடைக்கும்வரை நாளொன்றுக்கு ஒரு வீடு உண்மை சொல்ல வருவது என்று முறை போட்டார்கள். முதல் வீடு, இரண்டாம் வீடு என்று ஒவ்வொன்றாக வந்தது. ஏழாம் நாள் ஏழாம் வீட்டு முறை.

நம் வீட்டுக்கு நானே ஏதாவது சொல்லிக்கொள்கிறேன் என்று பூங்கோதை சொன்னாள். நடேசன் கேட்கவில்லை. பாலை அவரே காய்ச்சினார், உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்தார், உறை விட்டார், மூடியில் ஏழு என்று எழுதினார். மற்றவர்கள் உட்காருகிற முக்காலியில், மற்றவர்களைப் போலவே, மகளுக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்தார். தட்டும்மா என்றார்.

"உன்னை யாரும் வேண்டாம்னு சொல்லலை, கோதை. பதினோரு பேர்ல ஒருத்தர்கூடச் சொல்லலை. நான்தான் அவங்ககிட்ட ஜாதகம் பொருந்தலைன்னு சொல்லிட்டு வந்தேன்."

பூங்கோதையின் விரல் பழகிய வேகத்தில் தட்டிக்கொண்டே போனது. தட்டிய பிறகுதான் கண் அதைப் படித்தது.

அவர் நிறுத்தவில்லை. அம்மா போன பிறகு காலையில் எழுந்தால் வீட்டில் இன்னொரு ஆள் சத்தம் கேட்க வேண்டும் என்று இருந்தது என்றார். பாத்திரம் வைக்கிற சத்தம், கதவு திறக்கிற சத்தம், அது போதும் என்று இருந்தது. முதல் தடவை, ஒரே ஒரு வருஷம் தள்ளிப்போடலாம் என்று நினைத்துத்தான் சொன்னாராம். அப்புறம் ஒவ்வொரு தடவையும் அதே ஒரு வருஷம்தானாம்.

"அந்த நாப்பத்தெட்டு செவ்வாய்க்கிழமை?" என்று பூங்கோதை கேட்டாள்.

"எண்ணெய்த் தூக்கை நான்தானேம்மா தூக்கிட்டு வந்தேன்," என்றார் நடேசன். "ஒவ்வொரு வாரமும் சொல்லிடலாம்னுதான் வந்தேன்."

அதையும் தட்டினாள். முற்றுப்புள்ளி வைப்பதற்கு முன்பே அடியிலிருந்து சம்புடம் லேசாக ஒரு சத்தம் கொடுத்து உறைந்துபோனது. அந்த மாதிரித் தயிரை வரிசை அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. பூங்கோதை அதைத் தொடவில்லை. ருக்மணி அக்கா வந்து, இருவர் முகத்தையும் பார்த்து, சம்புடத்தை எடுத்துக்கொண்டு போனாள். பூங்கோதை உள்ளே போய்க் கண்ணாடி முன்னால் நின்று, பல்லை, மூக்கை, நெற்றியை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. பன்னிரண்டு வருஷமாக நன்றாகத்தான் இருந்திருக்கிறது என்று நினைத்தபோது அவளுக்குத் தாங்க முடியாமல் அழுகை வந்தது.

ஒன்பது நாள் அவள் அப்பாவிடம் பேசவில்லை. அதற்குள் குன்னூரில் ஒரு மண் பரிசோதனைக் கூடத்தில் அறிக்கை தட்டும் வேலை கிடைத்தது, வீட்டிலிருந்தே செய்யலாம். மண்ணில் இருப்பது இருக்கிறது, இல்லாதது இல்லை, அதில் பொய் சொல்ல ஒன்றும் கிடையாது. காலையும் மத்தியானமும் தயிர் உறைந்து தள்ளியது, வரிசை ஏகமாகச் சந்தோஷப்பட்டது. நடேசன் தன் தட்டைத் தானே கழுவிக்கொண்டு, அறைக்குள் சத்தமில்லாமல் நடந்து, செருப்பைக்கூட கையில் எடுத்துக்கொண்டு வெளியே போய் வந்தார். சத்தத்துக்காக அத்தனை செய்தவர் சத்தமே இல்லாமல் வாழ்வதைப் பார்க்க, பத்தாம் நாள் அவளுக்குப் பொறுக்கவில்லை. மண் வேலை முடிந்ததும் ஏழாம் எண் சம்புடத்தை மட்டும் தனியாக வைத்து, வெற்றுத் திரையில் ஒரு வரி தட்டினாள். பரவாயில்லைப்பா.

சாயங்காலம் இருவரும் சேர்ந்துதான் திறந்தார்கள். பால் பாலாகவே இருந்தது.

பூங்கோதைக்கு முகம் சுருங்கிவிட்டது. மனசார எழுதினேன் என்றே அவள் நினைத்திருந்தாள். நடேசன் கொஞ்ச நேரம் பாலைப் பார்த்தார். பிறகு சம்புடத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய், அந்தப் பாலில் டீ போட்டு, அவளுக்கு ஒரு டம்ளர், தனக்கு ஒரு டம்ளர் கொண்டுவந்து வைத்தார். உறை மோர் விட்ட பாலில் போட்ட டீ என்ன லட்சணத்தில் இருக்கும், இருவரும் முகம் சுளிக்காமல் குடித்தார்கள்.

மறுநாளும் அவள் தட்டினாள், மறுநாளும் உறையவில்லை, மறுநாளும் டீ. இப்படியே மாசி வந்தது, பனி போகவில்லை. வரிசைக்கு விஷயம் தெரியாமலா இருக்கும், படியேறி இறங்குகிறவர்களெல்லாம் ஏழாம் வீட்டு வாசலில் ஒரு நிமிஷம் நின்று, ஆச்சா என்பார்கள், நடேசன் இல்லை என்று கையை அசைப்பார், சரி, நாளைக்கு என்று போவார்கள். நாற்பத்தெட்டாவது நாள் உறைந்துவிடும் என்று எல்லோரும் கணக்குப் போட்டு, ருக்மணி அக்கா பாயசம்கூட வைத்துவிட்டாள். அன்றைக்கும் உறையவில்லை. பாயசத்தை வீணாக்காமல் குடித்துவிட்டுக் கலைந்தார்கள்.

அதற்குப் பிறகு எத்தனையாவது நாள் என்று யாரும் எண்ணவில்லை. ஒரு வியாழக்கிழமை, குழாயில் தண்ணீர் வராத நாள், பூங்கோதை மண் அறிக்கைகளை முடித்து, ஏழாம் எண் சம்புடத்தை வைத்து, வழக்கம்போல அந்த வரியைத் தட்டி, துணி மடிக்கப் போய்விட்டாள். சாயங்காலம் மடிக்கணினியை ஒற்றைக் கையால் தூக்கி ஓரமாக வைத்துவிட்டுச் சம்புடத்தின் மூடியைத் திறந்தாள். நடுவில் பால் தளும்பியது. ஓரத்தில் மட்டும், சுற்றிலும் ஒரு விரல் அகலத்துக்கு, தயிர் பிடித்திருந்தது.

அவள் சம்புடத்தை லேசாகச் சாய்த்து இரண்டு தடவை பார்த்துவிட்டு, "அப்பா, ஒரு ஸ்பூனும் ரெண்டு தட்டும் கொண்டாங்க," என்றாள்.

நடேசன் கொண்டுவந்தார். அவள் ஓரத்தைச் சுற்றிச் சுரண்டி, கிடைத்ததை இரண்டாகப் பிரித்து வைத்தாள். எனக்குத் தயிர் ஒத்துக்காது என்று அவர் சொல்லவில்லை. தட்டை வழித்துச் சாப்பிட்டு முடித்து, மீதிப் பாலை எடுத்துக்கொண்டு டீ போடப் போனார். அடுப்படியில் அவர் பாத்திரம் வைக்கிற சத்தம் நன்றாகக் கேட்டது.